புதுப்பிப்பு: மோட்டார் பிளேட்டில் 3.7 கிலோவாட், இழுப்பது அதற்கு மேல்

வியாசர்பாடி மாவு மில்லின் 5 ஹெச்பி மோட்டார் தொட முடியாத அளவு சுடுது, 3.7 கிலோவாட்னு போட்டிருந்தும் மீட்டர்ல 4.3க்கு மேல வருதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மிளகாய்த் தூள் அப்பியிருந்த பிளேட்டை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சதும் மீதி எழுத்தும் தெரிஞ்சுது: 415 வோல்ட், 7.5 ஆம்பியர், எஃபிஷியன்சி (இழுக்கற பவர்ல வேலையா மாறுற பங்கு) 85 சதவீதம். 3.7ங்கறது ஷாஃப்ட்ல, அதாவது சுத்தற தண்டுல, வெளியே வர்ற பவர். அதை 0.85ஆல் வகுத்தா 4.35. ஃபுல் லோடுல லைன்லேர்ந்து அவ்வளவு கிலோவாட் இழுக்கத்தான் செய்யும். மீட்டர் மேல தப்பே இல்ல.

சூட்டுக்குக் காரணம் வேற. மிளகாய் அரைக்கும்போது கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கறது) பிளேட்ல இருக்கற 7.5ஐத் தாண்டி 8.6 ஆம்பியர் காட்டுச்சு. கரண்ட் அளவு மீறினா மோட்டாரை நிறுத்தற ஓவர்லோட் ரிலேவை யாரோ 10 ஆம்பியர்ல வெச்சிருக்காங்க! ட்ரிப் ஆகாம அப்படியே காயில் வெந்துட்டிருந்திருக்கு. ரிலேவை 7.5க்கு இறக்கி, தொட்டியிலேர்ந்து விழற அளவையும் குறைச்சதும் 7.2ல நிக்குது.

போன வாரம் பதில் சொன்ன வாழைப்பழ அண்ணே, "முதல்ல ஆம்பியரைப் பாருப்பா"ன்னு நீங்க சொன்னதுதான் மோட்டாரைக் காப்பாத்துச்சு. ரீவைண்டிங்குக்கு (காயிலைப் புதுசா சுத்தறதுக்கு) கழட்ட ஸ்பேனரே எடுத்துட்டேன். மூணு ஃபேஸும் சமமா இருக்கான்னு நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்.