பார்வோ வந்த நாய்க்குட்டிக்கு ‘கொஞ்சம் கொஞ்சமாக’ ஆகாரம் என்றால் எவ்வளவு?

வைகைக்கரை:
சிப்பிப்பாறை நாய்க்குட்டி, பெட்டை, 58 நாள். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. இரவே வாந்தி, விடியும்போது ரத்தக்கழிச்சல். டாக்டர் டெஸ்ட் பண்ணிவிட்டு பார்வோ, குடலைத் தாக்கும் வைரஸ் நோய் என்றார். மூன்று நாளாகக் காலையும் மாலையும் ட்ரிப்ஸ், வாந்திக்கு ஊசி, ஆன்டிபயாடிக் ஊசி. நேற்று மதியத்திலிருந்து வாந்தி இல்லை. ‘கொஞ்சம் கொஞ்சமா ஆகாரம் ஆரம்பிங்க’ என்று சொல்லிவிட்டு டாக்டர் வாசலில் நின்ற கன்றுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா பால் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தா கழிச்சல் நிற்கும்வரை பட்டினி போடு என்கிறார். 2.8 கிலோ இருந்தது, இன்று மளிகைக்கடைத் தராசில் 2.4. யார் சொல்வதைக் கேட்பது?

மொட்டைமாடி:
பப்பாளி இலைச்சாறு கொடுங்க. எங்க தெருவில் ரெண்டு குட்டி அதில்தான் பிழைத்தது.

கரிசல்காடு:
பப்பாளிச் சாறு வேண்டாம் தம்பி. அந்தக் கசப்பில் நின்ற வாந்தி திரும்ப வந்தால் மூன்று நாள் பாடு வீண். பாலும் வேண்டாம், கழிச்சல் கூடும். தாத்தா சொல்வது பழைய வைத்தியம். டாக்டர்களே முன்பு அப்படித்தான் சொன்னார்கள். பார்வோ அரிப்பது குடலின் உள்தோலை. அந்தத் தோல் மறுபடி வளர, கொஞ்சமாவது ஆகாரம் குடலுக்குள் போகவேண்டும். அதனால் இப்போது வாந்தி அடங்கியதுமே ஆரம்பித்துவிடச் சொல்கிறார்கள்.

நான் என் குட்டிக்குச் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, குழைந்த சோற்றோடு மிக்ஸியில் அடித்து, கறி வெந்த தண்ணீரிலேயே கூழாகக் கரைத்தேன். முதல் வேளை 3 மில்லி. ஆமாம், அவ்வளவுதான். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். வாந்தி வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 5 மில்லி. ராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். மறுநாள் 10.

முதலில் விரலில் தடவி நக்கவிடுங்கள். நக்காவிட்டால் ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கம் வைத்துச் சொட்டுச் சொட்டாக. தலையை அண்ணாக்க விடாதீர்கள், நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் பார்வோவை விட அது பெரிய வம்பு. விழுங்கத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. பல் ஈறுகளில் குளுக்கோஸைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சின்னக் குட்டிக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஈறு வெளுத்தாலும், உடம்பு சில்லிட்டாலும், மறுபடி வாந்தி எடுத்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்குச் சாதாரணமாகவே 101, 102 டிகிரி இருக்கும்.

மொட்டைமாடி:
சரிங்க. அந்தக் குட்டிகளுக்கும் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்தான், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

வைகைக்கரை:
கரிசல்காடு அண்ணன் சொன்னபடிதான் செய்தேன். டாக்டரும் சரி என்றார். முதல் வேளை நக்கவில்லை, சிரிஞ்சில் இரண்டு சொட்டுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ராத்திரி 2 மணிக்குத்தான் விரலை நக்கியது. இன்று மூன்றாம் நாள், வேளைக்கு 15 மில்லி. ரத்தம் நின்றுவிட்டது, கழிச்சல் கூழாகப் போகிறது. எடை 2.5.

குட்டியை விற்றவர் ‘தடுப்பூசி போட்டாச்சு’ என்றாரே, பிறகு எப்படி வந்தது? அடுத்த வாரம் அக்கா தன் குட்டியோடு வருகிறார், வரலாமா?

கரிசல்காடு:
ஒரு ஊசி போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே அந்த ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். அது எப்போது வடியும் என்று சொல்லமுடியாது. அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வார வயது ஆகும்வரை போடுகிறார்கள்.

அக்காவை வரச்சொல்லுங்கள், குட்டி வேண்டாம். உங்கள் குட்டி தேறிய பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி போகும். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயில் போட்டால் வாசம்தான் மிச்சம். தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். குட்டி படுத்த சாக்கைக் கொளுத்திவிடுங்கள். அக்கா கிளம்பும்போது அவர் செருப்பையும் அதே தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்.