பளபளவென்று கழுவினேன், பேரிங் போனது: ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டி (மோவர்) அனுபவங்கள்

மைதானப் பொறுப்பாளர்:

யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் மனம் ஆறும் என்று எழுதுகிறேன். கொழும்பில் ஒரு பாடசாலை மைதானம். பிளேட்டை மூடியிருக்கும் டெக் 42 அங்குலம், இரண்டு பிளேட், ஏழு வருடம் ஓடிய வண்டி. என் கைக்கு வந்ததும் நான் தொடங்கிய வேலை, வெள்ளிக்கிழமை தவறாமல் பிரஷர் வோஷர் பிடித்து அடிப்பது. மேலே, கீழே, பெல்ட் மூடிக்குள், பிளேட்டைச் சுற்றும் ஸ்பிண்டில் தலையில் என்று ஓரிடம் விடவில்லை. அதிபர் அந்தப் பக்கம் வந்தால் வண்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒரு தலையாட்டு. அதற்காகவே இன்னொரு தரம் அடிப்பேன்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள். சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்கள் வாளியோடு நிற்கிறார்கள். வளைவில் திரும்பும்போது வலது பக்கம் டெக்குக்குள் ஒரு கீச்சு. ஆட்காட்டிக் குருவி என்றே நினைத்தேன், எங்கள் மைதானத்தில் அவை முட்டையிடும். அடுத்த சுற்றில் கீச்சு கதறலானது, பெல்ட் கருகும் மணம் வந்தது. எங்கள் மெக்கானிக் பாஸ் வந்து ஸ்பிண்டிலைக் கழற்றி, பேரிங்கின் இறப்பர் மூடியை ஊசியால் நெம்பினார். கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் மீன் குழம்பு நிறத்தில் தண்ணீர். அதை என் உள்ளங்கையில் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, "இது யார் ஊற்றினது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

தெமட்டகொட நானா:

நம்முடையது எலிக் கதை. கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தை மூன்று பேராகப் பார்க்கிறோம். வீட்டுக்காரர் வெளிநாடு போய்விட்டார், வண்டி ஆறு கிழமை ஷெட்டுக்குள் நின்றது. வந்து சாவியைத் திருப்பினால் முதல் அடியிலேயே எடுத்துக்கொண்டது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. பத்து நிமிடம் போயிருக்கும், வைக்கோல் கருகுகிற வாசம். பக்கத்து வளவில் குப்பை கொளுத்துகிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஓட்டினேன். பார்த்தால் என் இன்ஜின் மூடியின் ஓரத்தால்தான் நூல் மாதிரிப் புகை.

மூடியைக் கழற்றினோம். சிலிண்டர் செதில்களுக்கு மேலே ஒரு கூடு. காய்ந்த புல், தேங்காய்த் தும்பு, பத்திரிகைத் துண்டுகள். மரண அறிவித்தல் பக்கம் போலிருக்கிறது, ஒரு வயோதிபரின் பாதி முகம், ஓரம் கருகி, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றுத்தான் எல்லாம். செதில்களுக்கிடையால் காற்றுப் போகாவிட்டால் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். இப்போதெல்லாம் வண்டி ஒரு கிழமை நின்றால் டோர்ச் அடித்துப் பார்க்காமல் நான் சாவியைத் தொடுவதில்லை.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:

மைதானத் தம்பி, பிரஷர் வோஷரைக் குற்றம் சொல்ல நான் விடமாட்டேன். கழுவினீர்கள் சரி. கழுவிய பிறகு பிளேட்டை ஐந்து நிமிடம் சுற்றவிட்டுக் காயவைத்தீர்களா? கிரீஸ் அடித்தீர்களா? ஸ்பிண்டிலில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன்னால் இரண்டு பம்ப், உள்ளே போன தண்ணீரைப் பழைய கிரீஸோடு வெளியே தள்ளிவிடும். கழுவி அழிந்த வண்டியைவிடக் கழுவாமல் அழிந்த வண்டிதான் என்னிடம் அதிகம் வந்திருக்கிறது.

என் கதை சின்னது. ஒருவர் லொறியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். இன்ஜின் வலுவில்லை, புல் வெட்டுப்படவில்லை, காபரேட்டர் மாற்றவேண்டும் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். குனிந்து பார்த்தேன். பிளேட்டின் காற்றிழுக்கும் சிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைகீழாகப் பூட்டி இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துப் புல்லை ஒரு பிடி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், நுனியெல்லாம் நார் நாராகக் கிழிந்து வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பூட்டிக் கொடுத்தேன். காசு வாங்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

வந்ததற்கு இன்னொன்று. பிளேட்டை மீன் வெட்டுகிற கத்தி மாதிரித் தீட்டாதீர்கள். அவ்வளவு மெல்லிய ஓரம் ஒரு கல் பட்டால் மடிந்துவிடும். பட்டர் கத்தி அளவுக்கு இருந்தால் போதும், வேகம்தான் வெட்டுகிறது. தீட்டி முடித்ததும் நடுத் துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தீட்டவேண்டும். சமநிலை இல்லாத பிளேட் சுற்றச் சுற்ற ஸ்பிண்டிலை உலுக்கும். தம்பியின் பேரிங் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், தண்ணீர் மட்டும்தான் என்று சத்தியம் பண்ணவேண்டாம்.

மைதானப் பொறுப்பாளர்:

பாஸ், எங்களுடையதில் நிப்பிள் இல்லை. இரண்டு பக்கமும் சீல் பண்ணிய 6203 நம்பர் பேரிங். கிரீஸ் அடிக்க வழியே இல்லை. ஆணி விசயம் உண்மை, நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒண்டாரியோ ரிட்டர்ன்:

19 வருடம் ஒண்டாரியோவில் இருந்து, இப்போது பத்தரமுல்லையில் வீடு. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது அவருடைய மோவரை மலிவாக வாங்கினேன். மேலே பெயின்ட் புதுசு மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்து டெக்கை ஒரு விரலால் அழுத்தினேன், விரல் மறுபக்கம் போய்விட்டது. ஈரப் புல் உள்ளே ஒட்டி, அது காயமுதல் அடுத்தது ஒட்டி, கேக் மாதிரி இரண்டு அங்குலம். இரும்பை அதுதான் தின்றிருக்கிறது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இங்கே எழுதியிருக்கிறவர்களுக்கு அடிப்படையே தெரியவில்லை என்பதால் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலாவது ஒயில். புது இன்ஜின் என்றால் முதல் ஐந்து முதல் எட்டு மணித்தியாலத்தில் ஒருதரம், பிறகு பொதுவாக 50 மணித்தியாலத்துக்கு ஒருதரம். இன்ஜின் ஓடிய மணித்தியாலம் காட்டும் மீற்றர் எதற்கு இருக்கிறது? எஸ்.ஏ.இ. 30 என்ற தடிப்பு சூட்டு நாட்டுக்குச் சரியான ஒயில், ஆனால் கையேடு என்ன கேட்கிறதோ அதையே ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடியவிட்டால் கசடும் சேர்ந்து வரும். இரண்டாவது எயர் ஃபில்டர். மேலே போட்டிருக்கும் ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம். கடதாசி ஃபில்டரைக் கழுவக்கூடாது, தட்டித் தூசு போக்குவது, இல்லாவிட்டால் புதுசு. மூன்றாவது ரயர் காற்று. ஒரு பக்கம் குறைந்தால் டெக் சாய்ந்து புல் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படும், சனம் பிளேட்டைக் குறை சொல்லும். நான்காவது, டெக்குக்கு அடியில் கை வைக்கமுதல் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். இது அனுபவப் பகிர்வு இல்லை, கட்டளை.

கழுவுகிற சண்டைக்கு வருவோம். பல டெக்குகளில் தோட்டத்துக் குழாயை மாட்ட ஒரு வாய் இருக்கிறது. மாட்டி, பிளேட்டைச் சுற்றவிட்டால் அதுவே உள்ளே கழுவிக்கொள்ளும், பிரஷர் வோஷரே தேவையில்லை. கடைசியாக, பனிக்காலத்துக்கு வண்டியை நிறுத்தமுதல் டாங்கைக் காலியாக்கி, காபரேட்டரில் உள்ளது முடியும்வரை ஓடவிட்டு, பற்றரியைக் கழற்றி...

வத்தளை அக்கா:

பனிக்காலமா? அண்ணா, ஒக்டோபரில் இங்கே ஒரு மழை பெய்தால் திங்கட்கிழமை வெட்டிய புல் வெள்ளிக்கிழமை கணுக்காலுக்கு வரும். மே மாதமும் அப்படித்தான். வண்டி நிற்க நேரமே இல்லை.

ஆனால் எங்கள் வண்டிக்கும் ஒரு பனிக்காலம் வந்தது. 2022. நான் ஒரு கல்யாண மண்டபத்தின் தோட்டத்துக்குப் பொறுப்பு. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதற்கும் இரவு பகலாக வரிசை. கிடைத்ததை வேனுக்கு ஊற்றுவதா மோவருக்கு ஊற்றுவதா? மோவர் டாங்கில் பாதி பெற்றோலோடு மூலையில் நின்றது. கல்யாணமும் குறைவு, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். எல்லாம் வந்து ஓரளவு சீரான பிறகு ஒரு பெரிய கல்யாணம் கிடைத்தது. காலையில் வண்டியை எடுக்கிறோம், செல்ஃப் "டிக்" என்கிறது, அவ்வளவுதான். வேன் பேட்டரியிலிருந்து வயர் போட்டோம், சுற்றியது, எடுக்கவில்லை. டாங்க் மூடியைத் திறந்தேன். அது பெற்றோல் மணமே இல்லை, தளபாடக் கடைக்குள் நுழைந்த மாதிரி வார்னிஷ் மணம். பொடியன் காபரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினான், அடியில் பச்சையாகப் பிசின். பெற்றோல் போகும் ஜெட் ஓட்டை முழுதாக அடைத்திருந்தது.

முழங்கால் அளவு புல். நான்கு பேரைப் பிடித்துத் தோளில் மாட்டும் கிராஸ் கட்டரால் அடித்தோம். பின்னேரம் நான்கு மணிக்குப் பெண்ணின் தாயார் வந்து இறங்கி, புல் ஒரு இடம் மொட்டை, ஒரு இடம் குடுமியாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வெறுங்காலால் ஒரு தரம் நடந்து பார்த்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஒரு மாதம் நிற்கும் என்று தெரிந்தால் பெற்றோலை உறிஞ்சி வேனுக்கு ஊற்றிவிடுவேன் இப்போது. அண்ணா சொன்னதும் அதுதான், பனியை மட்டும் கழித்துவிட்டால்.

வெள்ளவத்தை 57:

குழாய் மாட்டுகிற வாயும் சரி, பிரஷர் வோஷரும் சரி, தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று ஒருவரும் பேசவில்லையே. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிளேட் ஓடும்போது ஓட்டுபவர் எழும்பினால் இன்ஜினை நிறுத்துவது அதுதான். நான் வேலை செய்த இடத்தில் தினமும் கழுவுவார்கள், போதாததற்குக் கடற்காற்று. அந்தச் சுவிட்சின் கனெக்டர் பச்சை பிடித்துவிட்டது. வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் நின்றது. மேற்பார்வையாளர் என்ன செய்தார்? அந்த வகையில் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினால் போதும், முறுக்கி டேப் சுற்றினார். வண்டி பிறகு நிற்கவே இல்லை. எல்லோருக்கும் சந்தோசம்.

இரண்டு கிழமை கழித்து, புல் அடைத்துவிட்டது என்று ஓட்டிய பையன் இறங்கி, வெளித்தள்ளும் வாயில் காலால் தட்டினான். சுவிட்ச் இருந்திருந்தால் அவன் எழும்பிய உடனேயே எல்லாம் நின்றிருக்கும். எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது இறப்பர் செருப்பு. நீல வார், வெள்ளை அடி, முன் பாதி இருபது அடி தள்ளிப் பூவரசு மரத்தடியில் கிடந்தது. அவன் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஐந்தும் இருந்தன. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினான்.

அதனால் பாஸ், கழுவினாலும் பரவாயில்லை கிரீஸ் அடித்தால் போதும் என்று சொல்லாதீர்கள். சுவிட்சுக்கு நிப்பிள் கிடையாது.

பஞ்சிகாவத்தைப் பக்கம்:

சுவிட்சை முறுக்கியது மேற்பார்வையாளர், தண்ணீர் இல்லை. அந்தச் சுவிட்ச் என்ன பெரிய விலையா? ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன், வண்டி ஒன்று கைக்கு வந்தால் நானும் முதலில் சீட்டைத் தூக்கித்தான் பார்ப்பேன். பத்து வண்டியில் மூன்றிலாவது வயரை முறுக்கியிருக்கும். ஒண்டாரியோ அண்ணன் சொல்லும் குழாய் வாயை நான் நம்புவதில்லை, தண்ணீர் படுகிற இடம்தான் சுத்தமாகும், மூலையில் கேக் அப்படியே இருக்கும்.

தெமட்டகொட நானா:

ஊதுகிற மெசினை வாங்குங்களேன். இலை ஊதுகிறதுதான். வெட்டி முடிந்த கையோடு, புல் காயமுதல் மேலெல்லாம் ஊதினால் பாதிப் பிரச்சினை முடிந்தது. அடிப்பக்கத்துக்கு மரச் சட்டத்தைச் சீவி ஒரு சுரண்டி செய்து வைத்திருக்கிறேன். இரும்பால் சுரண்டினால் பெயின்ட் போகும்.

மைதானப் பொறுப்பாளர்:

நானா சொன்ன மாதிரியே இந்தக் கிழமை செய்தேன். பிளக் வயரைக் கழற்றி, டெக்கை வண்டியிலிருந்து இறக்கிக் கவிழ்த்து, மரக்கட்டையால் சுரண்டினேன். மூன்று வாளி. நடுவில் ஒரு டெனிஸ் பந்தின் தோல், பென்சில் சீவி ஒன்று, யாருடையதோ இல்லச் சின்னம், மஞ்சள் நிறம். ஒவ்வொரு வெள்ளியும் நான் கழுவிய வண்டியின் மூலைகளில் இவ்வளவும் இருந்திருக்கிறது. இரண்டு பிளேட்டையும் ஆணியில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று நேராக நின்றது, மற்றது உடனே தலை கவிழ்ந்தது. பாஸ், அந்தச் சத்தியத்தை நான் பண்ணவில்லை.

மேல் பக்கத்தை ஊதி, ஈரத் துணியால் துடைத்ததோடு விட்டேன். இன்று காலை அதிபர் வந்தார். பொனட்டில் விரலை வைத்து இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, இந்தக் கிழமை கழுவவில்லையா?" என்றார். டெக்கைத் தூக்கிக் காட்டலாம் என்று நினைத்தேன். மணி அடித்துவிட்டது, அவர் போய்விட்டார்.