இண்டெக்ஸிலிருந்து அதிக ரெசல்யூஷன் உள்ள வி.ஆர். ஹெட்செட்டுக்கு மாறலாமா? இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு தாங்குமா?

வான்வழிப்போக்கன் கேட்டது:

வணக்கம். சில ஆண்டுகளாக வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட்டைப் பயன்படுத்தி வருகிறேன். கணினியில் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு, 10 ஜிபி நினைவகத்துடன் இருக்கிறது. பெரும்பாலும் விமான சிமுலேட்டரும் கார் பந்தயமும்தான் விளையாடுவேன். எழுந்து நின்று கைவீசி ஆடும் விளையாட்டுகள் எனக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை.

என் குறை ஒன்றே ஒன்றுதான். விமானி இருக்கையில் இயல்பாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது உயரமானியின் முள் தெரிகிறது, ஆனால் அதன் நடுவே உள்ள சிறிய எண்கள் தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் முதுகை நாற்காலியிலிருந்து எடுத்து, முகத்தைக் கருவிப் பலகைக்கு அருகே கொண்டுபோய்ப் படித்துவிட்டு, மீண்டும் சாய வேண்டியிருக்கிறது. ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படிக் குனிந்து நிமிர்ந்தால் விமானம் எங்கேயோ போய்விடுகிறது.

மெட்டா குவெஸ்ட் 3, பிக்ஸ்கிரீன் பியாண்ட், பைமாக்ஸ் கிரிஸ்டல் லைட் ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஹெட்செட்டை முதலில் மாற்றுவதா, கார்டை முதலில் மாற்றுவதா என்பதுதான் என் கேள்வி. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாது. கண்ணாடி அணிபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிக்சல்பித்தன் பதில்:

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இண்டெக்ஸில் ஒரு கண்ணுக்கு 1440 × 1600, அதாவது சுமார் 23 லட்சம் பிக்சல்கள். குவெஸ்ட் 3-இல் 2064 × 2208, ஏறக்குறைய 45.6 லட்சம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கிரிஸ்டல் லைட்டில் 2880 × 2880, சுமார் 83 லட்சம், இது 3.6 மடங்கு. ஒரு 4கே திரையில் இருக்கும் மொத்தப் பிக்சல்களும் இதே அளவுதான் என்பதால், கிரிஸ்டல் லைட்டை முழு அளவில் ஓட்டுவது இரண்டு 4கே திரைகளை ஒரே நேரத்தில் நிரப்புவதற்குச் சமம்.

இதோடு முடிந்துவிடவில்லை. லென்ஸ் படத்தை வளைப்பதால், அந்த வளைவை ஈடுகட்ட மென்பொருள் படத்தை எதிர்த்திசையில் வளைத்து அனுப்புகிறது. அப்படி வளைக்கும்போது நடுப்பகுதியில் தெளிவு குறையாமல் இருக்க, திரையின் அளவைவிடப் பெரிதாகவே படம் வரையப்படுகிறது. 2016-இல் வந்த முதல் விவ் ஹெட்செட்டில் திரை 1080 × 1200 தான். ஆனால் ஸ்டீம்விஆர் (கணினி விளையாட்டுகளை ஹெட்செட்டில் ஓட்டும் வால்வின் மென்பொருள்) 100 விழுக்காட்டில் வரைந்தது 1512 × 1680. ஒவ்வொரு பக்கமும் 1.4 மடங்கு, மொத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு வேலை. ஆகவே அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துக் கார்டின் சுமையை மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிய ஹெட்செட் கையில் இல்லாமலேயே அதன் சுமையை உங்கள் கணினியில் இன்றே சோதித்துவிடலாம். ஸ்டீம்விஆர் அமைப்புகளில் வீடியோ பகுதிக்குப் போய், ரெண்டர் ரெசல்யூஷனைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்துவிட்டுக் கைமுறைக்கு மாற்றுங்கள். இழுபட்டையை நகர்த்த நகர்த்த ஒரு கண்ணுக்கு எத்தனை பிக்சல்கள் வரையப்படும் என்பது அங்கேயே தெரியும். அந்த விழுக்காடு மொத்தப் பிக்சல்களைக் குறிப்பது என்பதால், 200-ஐ ஒட்டி வைத்தால் குவெஸ்ட் 3 தரும் சுமை, 360-இல் வைத்தால் கிரிஸ்டல் லைட் தரும் சுமை. வழக்கமாக ஓட்டும் அதே விமானம், அதே வானிலை, அதே ஓடுபாதையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, பிரேம் நேர வரைபடத்தில், ஒரு பிரேமுக்கு (ஒரு படத்துக்கு) சிபியு, அதாவது கணினியின் மையச் செயலி எத்தனை மில்லிநொடி, ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை மில்லிநொடி எடுக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் இன்னொரு பயனும் உண்டு. 200 விழுக்காட்டில் அந்த எண்கள் உங்களுக்குப் படிக்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டால், குறை திரையில் இல்லை, இதுவரை படத்தைச் சிறிதாக வரைந்ததில்தான் இருந்தது என்று பொருள். அப்போது கார்டை மாற்றினாலே போதும். எவ்வளவு ஏற்றியும் எண்கள் கலங்கலாகவே இருந்தால், இண்டெக்ஸின் திரை தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

நள்ளிரவுப்பந்தயம் பதில்:

கணக்கு சரிதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஹெட்செட்டை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நானும் இண்டெக்ஸிலிருந்து குவெஸ்ட் 3-க்கு மாறியவன்தான். மாறிய முதல் நாள் என்னை வியக்க வைத்தது பிக்சல் எண்ணிக்கை அல்ல, லென்ஸ்தான். இண்டெக்ஸின் ஃப்ரெனெல் லென்ஸில் நடுவில் ஒரு சிறு வட்டம்தான் கூர்மையாக இருக்கும். பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையையே திருப்புவது எனக்குப் பழகிப்போயிருந்தது. குவெஸ்ட் 3-இன் பான்கேக் லென்ஸில் கிட்டத்தட்ட விளிம்பு வரை தெளிவு இருப்பதால் கண்ணை மட்டும் ஓட்டினால் போதும். இருட்டில் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பரவும் ஒளிக்கீற்றுகளும் பெரும்பாலும் போய்விட்டன.

இழப்பும் இருக்கிறது. இண்டெக்ஸ் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 கேபிள் வழியாக நொடிக்குச் சுமார் 17 ஜிகாபிட் அளவுக்குப் படத்தை அப்படியே வாங்குகிறது. குவெஸ்ட் 3-க்கு யுஎஸ்பி கேபிளில் அனுப்பினாலும் வைஃபையில் அனுப்பினாலும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்; அங்கே பேச்சே சில நூறு மெகாபிட்டுகள்தான். அந்தச் சுருக்கம் எங்கே தெரியும் என்றால், வேகமாக நகரும் நுண்ணிய விவரங்களில் தெரியும். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாலையோரப் புல்லும் சரளைக் கல்லும் ஒரே பசையாகக் குழைந்துவிடும். தாழப் பறக்கும்போது மரங்களுக்கும் அதே கதிதான். ஆனால் கருவிப் பலகை கண்முன் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால் அதில் எழுத்துகள் சுத்தமாக இருக்கும். உங்கள் குறை அந்தப் பலகைதான் என்பதால் உங்களுக்கு இது பெரிய தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். என்னைப் போல் பந்தயமே கதி என்று இருப்பவர்களுக்குத்தான் உறுத்தும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 90 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லிநொடிதான். அதைத் தாண்டிவிட்டால், மோஷன் ஸ்மூத்திங் போன்ற வசதிகள் விளையாட்டை 45 பிரேமுக்கு இறக்கிவிட்டு, நடுவே கற்பனையான பிரேம்களைச் செருகும். விமானத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பந்தயத்தில் முன்னால் போகும் காரின் விளிம்பு அலையலையாக நெளிவதைப் பார்த்துக்கொண்டு வளைவில் பிரேக் போட என்னால் முடியவில்லை. அரை மணி நேரத்தில் குமட்டலும் வந்துவிட்டது. தெளிவுக்காகச் சீரான ஓட்டத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழையகண்ணாடி பதில்:

கண்ணாடி அணிபவர் என்று சொன்னதால் இதை எழுதுகிறேன். பிக்ஸ்கிரீன் பியாண்டில் கண்ணாடியுடன் நுழைய இடமே கிடையாது. உங்கள் பார்வை அளவுக்கு ஏற்ற லென்ஸ்களைத் தனியாகச் செய்து பொருத்தியாக வேண்டும். 2023-இல் வந்த முதல் மாடலில் கண்களுக்கு இடையேயான தூரமும் மாற்ற முடியாதது. உங்களுக்கென்று அளவெடுத்து அனுப்பும் பொருள் அது. அதற்கு ஈடாக 127 கிராம் எடைதான். இண்டெக்ஸ் 809 கிராம் என்பதை உங்கள் கழுத்து அறியும். உங்களிடம் உள்ள பேஸ் ஸ்டேஷன்களும் (ஹெட்செட்டின் இடத்தைக் கண்டறிய அறையில் வைக்கும் கருவிகள்) கன்ட்ரோலர்களும் அதனுடன் அப்படியே வேலை செய்யும். மைக்ரோ ஓஎல்இடி திரை என்பதால் இரவு வானம் சாம்பல் நிறமாக இல்லாமல் கறுப்பாகவே இருக்கும். ஆனால் அதே இருட்டில் ஓடுபாதை விளக்குகளைப் பார்க்கும்போது லென்ஸுக்குள் ஒளி சிதறுவது தெரியும். ஒரு கண்ணுக்கு 2560 × 2560 என்றாலும், 90 ஹெர்ட்ஸில் அது குறைந்த அளவுப் படத்தை வாங்கிப் பெரிதாக்கியே காட்டுகிறது. முழு அளவு வேண்டுமானால் 75 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

பழைய பொருள் சந்தையில் எச்பி ரிவெர்ப் ஜி2 மலிவாகக் கிடைக்கிறது, 2160 × 2160 இருக்கிறதே என்று ஆசைப்பட்டு விடாதீர்கள். அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருளை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது.

வான்வழிப்போக்கன் பதில்:

மூவருக்கும் நன்றி. சொன்னபடியே இரண்டு மாலைகள் உட்கார்ந்து சோதித்தேன். கார் பந்தயத்தில் 100 விழுக்காட்டில் ஜிபியு 8.5 மில்லிநொடி எடுத்தது. 200-இல் 15-ஐத் தாண்டியது. 360-இல் 26 மில்லிநொடி ஆகி, கார்டின் 10 ஜிபி நினைவகமும் நிரம்பி, படம் நின்று நின்று வந்தது. கிரிஸ்டல் லைட்டின் ஆசை அதோடு போய்விட்டது.

விமான சிமுலேட்டரில்தான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். பெரிய விமான நிலையத்தில் 100-இல் இருந்து 140 வரை ஏற்றியும் பிரேம் எண்ணிக்கை மாறவே இல்லை. எண்களைப் பொறுத்தவரை, 200-இல் ஓரங்கள் மழுங்காமல் வந்தனவே தவிர, சாய்ந்த நிலையில் 6-ஐயும் 8-ஐயும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொசுவலை வழியாகக் கடிகாரத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

பிக்சல்பித்தன் பதில்:

பிரேம் எண்ணிக்கை மாறாததற்குக் காரணம், அங்கே உங்களைப் பிடித்து வைத்திருப்பது கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, சிபியு. வரைய வேண்டிய பிக்சல் கூடினால் சிபியுவின் வேலை கூடுவதில்லை. கார்டு இதுவரை சும்மா காத்திருந்த நேரம்தான் அதற்குச் செலவாகிறது. ஆகவே விமானத்தில் 140 வரை உங்களுக்குக் கிடைத்தது இலவசத் தெளிவு. புதிய கார்டு வாங்கியிருந்தால் பெரிய விமான நிலையத்தில் ஒரு பிரேம்கூட கூடியிருக்காது. எண்கள் 200-இலும் பிரியவில்லை என்பது திரையின் எல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் மாற வேண்டியது ஹெட்செட்தான்.

கூர்மையான பார்வைக்கு ஒரு பாகைக்கு 60 பிக்சல்கள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குவெஸ்ட் 3-க்கு மெட்டா சொல்வது 25. ஆகவே காகிதத்தில் அச்சடித்தது போல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 6-ம் 8-ம் பிரியும், அவ்வளவுதான். பந்தயத்தில், இண்டெக்ஸில் 130 விழுக்காட்டில் வரைந்த பிக்சல் எண்ணிக்கையை ஒட்டிய அளவுக்கு இறக்கி வைத்து 11 மில்லிநொடிக்குள் வையுங்கள். படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையும் கார்டின் தலையில்தான் விழும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டே வையுங்கள். ஸ்டீம்விஆரில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி அளவு வைக்க வழி இருக்கிறது. முழு அளவுக்குக் கீழே வரைந்தாலும், பிக்சல்கள் நெருக்கமான திரையில் அந்தக் கொசுவலைக் கோடுகள் மறைந்துவிடுவதால் இண்டெக்ஸைவிட நன்றாகவே தெரியும்.

டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் என்விடியா வசதி) போட்டுச் சுமையைக் குறைக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். விமானத்தில் அதை யோசித்துப் போடுங்கள். விமானத்தின் மின்னணுத் திரைக் கருவிகளில் ஓடும் எண்கள் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். படிக்க வேண்டிய எண்ணையே அது கெடுத்துவிடும்.

நள்ளிரவுப்பந்தயம் பதில்:

குவெஸ்ட் 3 என்றால், கணினியை ரவுட்டரில் கேபிளால் இணையுங்கள். ஹெட்செட் மட்டும் 5 அல்லது 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கட்டும். கணினியும் வைஃபையில், ஹெட்செட்டும் வைஃபையில் என்று வைத்துக்கொண்டு படம் திக்குகிறது என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் முதல் வாரம் அதைத்தான் செய்தேன்.

வான்வழிப்போக்கன் பதில்:

குவெஸ்ட் 3 வாங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. கண்ணாடியின் ஓரம் லென்ஸில் உரசக்கூடாது என்று பார்வை அளவு லென்ஸ்களையும் பொருத்திக்கொண்டேன். சாய்ந்த நிலையிலேயே உயரமானியைப் படிக்க முடிகிறது. ரேடியோ அலைவரிசை எண்களுக்கு மட்டும் இன்னும் சற்றுக் குனிகிறேன், ஆனால் முன்பு குனிந்ததில் பாதிதான். இரவில் பறந்தால் வானம் இண்டெக்ஸைப் போலவே சாம்பல்தான். அது எல்சிடி திரையின் குணம் என்று விட்டுவிட்டேன். பந்தயத்துக்கு இண்டெக்ஸை இன்னும் கழற்றி வைக்கவில்லை. 120 ஹெர்ட்ஸில் அதுவே கைக்குப் பழகியிருக்கிறது, அங்கே படிக்க வேண்டிய சிறிய எண்ணும் எதுவும் இல்லை.