புதுப்பிப்பு: செதுக்கும்போது கத்தி பட்ட கட்டைவிரல்

அயனிப் பலகையில் பூ செதுக்கும்போது இடது கட்டைவிரலில் கத்தி பட்டது, என்ன போடலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, காயம் ஆறிவிட்டது மக்கா. நகத்துக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம்.

மஞ்சள், காப்பிப்பொடி, வெட்டுக்காயப்பூண்டுச் சாறு எதையும் போடவில்லை. நாகர்கோவிலில் நர்ஸாக இருக்கும் மைனி சொன்னபடி குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தேன். 10 நிமிடமாவது விடாமல் அழுத்த வேண்டும். "நின்னுட்டா"ன்னு நடுவிலே துணியைத் தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். அதைத்தான் நம்மில் பாதிப்பேர் செய்கிறோம்! ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நல்ல சதையையும் பாதிக்கும், வேண்டாம். கொஞ்சம் வாசலின் தடவி, கட்டுப் போட்டு, அதைத் தினமும் மாற்றினால் போதும்.

சூப்பர் குளூ விட்டு ஒட்டச் சொன்னவர்களுக்கு: காயத்தை ஒட்ட ஆஸ்பத்திரியில் போடும் பசை வேறு, கடைப் பசை வேறு.

டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அழுக்குக் காயமென்றால் 5 வருடமே கணக்கு. விரல் மடங்கவில்லை, மரத்துப்போச்சு, காயம் வாய் பிளந்து நிற்குது, அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போய்விடுங்கள்.

தக்கலையில் ஒரு மூத்த ஆசாரி கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "மழுங்கின கத்திதாம்லே வழுக்கும்" என்றார். இப்போது தோல்வாரில் தீட்டாமல் பலகையைத் தொடுவதில்லை. கட்டைவிரலுக்குப் பழைய தோல்செருப்பில் வெட்டிய உறையும் உண்டு.