ஏசியில் கேஸ் ‘தீர்ந்துபோன’ அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

மன்னார்குடியிலிருந்து:
சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டு ஏசிக்குக் கேஸ் அடிப்பது வழக்கமாகிவிட்டது. வருகிறவர் பிரஷர் பார்க்கும் கேஜ் மாட்டுவார், “கேஸ் இறங்கிருச்சு சார்” என்பார், அடித்துவிட்டுப் போவார். ஆடி வருவதற்குள் பழையபடி வெறும் காற்று. போன கோடையில் திருவாரூரிலிருந்து வேறொரு மெக்கானிக் வந்தார். சிலிண்டரைத் தொடவே இல்லை. இன்டோர் யூனிட்டைத் திறந்து, காயிலின் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்ததைக் காட்டினார். அறை குளிரவில்லை, உள்ளே ஐஸ்!

“ஃபில்டர் சுத்தமா இருக்கு. அப்ப கேஸ்தான் கம்மி. கம்மியானா பிரஷர் இறங்கும், பிரஷர் இறங்குனா அந்த இடம் சைபருக்குக் கீழ போயிரும். காத்துல உள்ள ஈரம் அதுமேலயே உறையும். மிச்சக் காயில் சும்மா கிடக்கும்” என்றார்.

எங்கள் ஏசியில் இருப்பது ஆர்-32 என்ற கேஸ். திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். காயிலுக்குள் பிரஷரில் பிடித்துவைத்து ஐந்து, பத்து டிகிரியில் கொதிக்க விடுகிறார்கள். கொதிக்க வேண்டிய சூட்டை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தச் சூட்டை 38 டிகிரி வெயிலில் கொண்டுபோய் இறக்க வேண்டுமானால் கேஸ் வெயிலைவிடச் சூடாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் அழுத்துவது அதற்குத்தான். வெளியே சூட்டை விட்டுத் திரவமாகி, திரும்ப உள்ளே வரும். இந்தச் சுற்றில் கேஸ் செலவாகிற இடமே கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சோப்பு நுரை தடவியதும் அவுட்டோர் யூனிட் நட்டில் குமிழ் கிளம்பியது. பைப் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, நைட்ரஜன் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்த்து, வேக்கம் போட்டு உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் வைத்துக் கேஸ் ஏற்றினார். அரை நாள் வேலை. முன்பு வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள்!

நாகப்பட்டினத்திலிருந்து:
எங்கள் பக்கம் நட்டு மட்டுமில்லை, உப்புக்காற்றில் அவுட்டோர் காயிலே அரித்துவிடும். என் சித்தப்பா மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் ஆபரேட்டர். அங்கே ஓடுவது அம்மோனியா. அது செம்பைத் தின்றுவிடும் என்பதால் பைப் எல்லாம் இரும்புதான். ஒழுகினால் கேஜ் பார்க்கவே வேண்டாம், மூக்கு சொல்லிவிடும். எந்த ஜாயின்ட் என்று கண்டுபிடிக்கக் கந்தகத் திரியைக் கொளுத்திப் பக்கத்தில் நீட்டுவார். ஒழுகுகிற இடத்தில் வெண்புகை கிளம்பும். அதிகமாகக் கசிந்தால் ஈரத்துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓட வேண்டியதுதான். ஈரத்துண்டு ஏனென்றால், அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும்.

கும்பகோணத்திலிருந்து:
எங்களுடையது பழைய ஆர்-22 மெஷின். ஓசோனைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி உலகமே கைவிட்டுவரும் கேஸ் அது. விலை ஏறிவிட்டதால் “ஆர்-32வையே அடிச்சுடலாம்ணே” என்றார் ஒரு பையன். ஆர்-32வின் பிரஷர் ஆர்-22வைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், கம்ப்ரசர் எண்ணெயும் வேறு, லேசாகத் தீப்பிடிக்கக் கூடியதும்கூட. வேண்டாம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். மன்னார்குடிக்காரரே, அந்தத் திருவாரூர் மெக்கானிக் இந்தப் பக்கம் வருவாரா?