படக்கதைப் புத்தகம் வைத்து பிரெஞ்சு சொல்லித் தருபவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு பீரியட் பிரெஞ்சு எடுக்கிறேன். பாடப்புத்தகத்தை எடுத்தாலே கொட்டாவி விடுகிறார்கள். படக்கதை என்றால் மட்டும் முட்டிமோதிக்கொண்டு முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

சிக்கல் இரண்டு. முதலாவது, பிரெஞ்சுக் கதைப் புத்தகங்கள் பல பாஸே சேம்ப்ள் (பெரும்பாலும் எழுத்தில் மட்டுமே வரும் இறந்தகால வடிவம்) காலத்தில் இருக்கின்றன. பேச்சில் யாரும் சொல்லாத 'இல் மான்ழா'வை (அவன் சாப்பிட்டான்) பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? இப்போதைக்கு நானே நிகழ்காலத்துக்கு மாற்றி வாசிக்கிறேன். அது சரிதானா?

இரண்டாவது லியேஸோன், அதாவது தனியாக ஒலிக்காத கடைசி மெய்யெழுத்து அடுத்த சொல்லின் தொடக்கத்தோடு ஒட்டிக்கொண்டு ஒலிப்பது. பறவைப் படத்தைக் காட்டி 'அன் நுவாஸோ' (ஒரு பறவை), 'தூ ஸுவாஸோ' (இரண்டு பறவைகள்) என்று வாசித்தேன். பறவைக்குத் தனிச் சொல் 'உவாஸோ'தான். மறுநாள் ஒரு வாண்டு படத்தைத் தொட்டு, "மிஸ், நுவாஸோ!" என்றது. சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அதன் காதில் விழுந்தது அப்படித்தானே! எழுத்தைக் காட்டித் திருத்தலாம் என்றால், பிரெஞ்சில் ஒலிக்கக் கூடாத கடைசி எழுத்துகளையெல்லாம் உச்சரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருகிற, நிகழ்காலத்தில் எழுதிய புத்தகங்கள் தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். எழுத்தை எந்தக் கட்டத்தில் காட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ப்ளீஸ்.