67 எம்எம் வாய் லென்ஸுக்கு யூவி ஃபில்டரா சிபிஎல்லா? ஆடில தனுஷ்கோடி போறேன்

மணல்திட்டு:
வணக்கம் மக்களே. கேனான் டிஎஸ்எல்ஆர், 18-135, 55-250, அப்புறம் ஒரு 50 எம்எம்னு மூணு லென்ஸ், இவ்வளவுதான் என் சொத்து. அடுத்த மாசம் தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரைக்கும் போறோம். கச்சான் காத்து மணலை வாரி மூஞ்சில அடிக்கும்னு போயிட்டு வந்தவங்க எல்லாம் பயமுறுத்துறாங்க. கடையில "யூவி போடலைன்னா சென்சார் போயிடும் சார்"னு சொல்லி 350 ரூபா கண்ணாடி ஒண்ண தலையில கட்டிட்டாங்க, அதை மாட்டிக்கிட்டு போன வாரம் ராத்திரி சாமி புறப்பாடு எடுத்தா ஒவ்வொரு லைட்டுக்கும் எதிர்ப்பக்கம் பச்சையா ஒரு புள்ளி பேய் மாதிரி நிக்குது. இதைக் கழட்டிப் போட்டுட்டு நல்ல யூவி வாங்கவா, இல்ல அந்தக் காசை சிபிஎல்ல (பளபளப்பை வெட்டுற, சுத்தி சரிபண்ற போலரைசர் ஃபில்டர்) போடவா? ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு மாட்டலாமா?

வெளிச்சம்தேடி:
சென்சார் போயிடும்கறதெல்லாம் கதை. ஃபிலிம் காலத்துல மலை, கடல் பக்கம் எடுத்தா படம் நீலம் பூத்துரும், அதுக்குக் காரணமான புற ஊதா ஒளியைத் தடுக்க வந்ததுதான் யூவி. டிஜிட்டல் சென்சார் முன்னாடியே புற ஊதாவைத் தடுக்குற கண்ணாடி இருக்கு, அதனால இப்ப யூவின்னா லென்ஸுக்கு ஒரு கவசம், அவ்வளவுதான்.

அந்தப் பச்சைப் பேய் எங்க இருந்து வருதுன்னா, உள்ள போன வெளிச்சம் சென்சார்ல பட்டுத் திரும்பி ஃபில்டரோட தட்டையான முதுகுல மோதி மறுபடி உள்ள வருது, அதான் லைட்டுக்கு நேர் எதிர்ல, தலைகீழா விழுது. மல்டி கோட்டிங் (எதிரொளிப்பைக் குறைக்கிற பூச்சு) உள்ளதுல கம்மியா இருக்கும், சுத்தமா போகாது. ராத்திரி, தீபம், தெருவிளக்கு எல்லாத்துக்கும் கழட்டிடுங்க.

ஆனா தனுஷ்கோடிக்குக் கட்டாயம் போடுங்க. நான் அங்க ஒரு மணி நேரம் நின்னதுக்கே ஃபில்டர் மேல உப்பு படிஞ்சு, விரலால தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ஃபில்டரை ரூமுக்கு வந்து குழாய்த் தண்ணில காட்டிடலாம், லென்ஸைக் காட்ட முடியுமா? ஒண்ணே ஒண்ணு, சட்டை நுனியால மட்டும் துடைச்சுடாதீங்க, மணல் இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆயிடும், முதல்ல ப்ளோயர்ல ஊதிட்டு அப்புறம் துணி.

பழையபெட்டி:
எனக்கு இந்தக் கவசக் கதைல நம்பிக்கை இல்லைங்க. ஒருதடவை மாடிப்படில கேமரா விழுந்து ஃபில்டர் நொறுங்குச்சு, எல்லாரும் "லென்ஸ் தப்பிச்சுது"ன்னாங்க, ஆனா உடைஞ்ச சில்லுதான் முன் கண்ணாடில கோடு போட்டுச்சு. லென்ஸ் முனைல மாட்டுற ஹூட் (குழல் மாதிரி மறைப்பு) போட்டிருந்தா அது அடி வாங்கியிருக்கும். எட்டு வருஷமா ஹூட் மட்டும்தான்.

வெளிச்சம்தேடி:
@பழையபெட்டி அண்ணே, அடிக்கு ஹூட் சரி, ஒத்துக்கறேன். உப்பு ஹூட்டுக்குள்ள வராதா?

பழையபெட்டி:
வரும் தம்பி. கடற்கரைக்கு மட்டும் விட்டுத்தரேன் 😄

அலைவரிசை:
சிபிஎல் பத்தி யாரும் பேசலையே. யூவி பண்றதுல பாதியை ஹூட் பண்ணிடும், ஆனா சிபிஎல் பண்றதை எந்த சாஃப்ட்வேரும் முழுசா பண்ணாது, தண்ணி மேல பளபளப்புக்கு அடியில இருந்த மீனை எடிட்டிங்ல எங்க போய்க் கொண்டுவருவீங்க? அதனால என் காசுன்னா சிபிஎல்லுக்குத்தான்.

வானம் கருநீலமா வேணும்னா சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டுல பாக்கணும். ஆள்காட்டி விரலை சூரியனுக்கு நீட்டி கட்டைவிரலை விரிச்சு மணிக்கட்டை சுத்துங்க, கட்டைவிரல் காட்டுற பக்கமெல்லாம் வேலை செய்யும். சூரியனைப் பாத்தோ முதுகு காட்டியோ எடுத்தா ஒண்ணும் தெரியாது, அதனால அஸ்தமனத்துக்குப் போடாதீங்க. 18 எம்எம்ல வானம் ஒரு ஓரம் கருப்பு ஒரு ஓரம் வெளுப்புன்னு திட்டுத்திட்டா வரும், கொஞ்சம் ஜூம் பண்ணிக்கணும். தண்ணியை நேர் மேல இருந்து பாத்தாலும் பிரயோஜனம் இல்ல, மட்டத்துல இருந்து 35, 40 டிகிரி சாய்வா பாத்தா பளபளப்பு சட்டுனு விலகும். இலை, கண்ணாடி மேலயும் இதே கதைதான், ஆனா பித்தளைக் குடத்து மினுக்கு போகாது, வெறும் உலோகத்துக்கு இது செல்லாது.

ஒண்ணுல இருந்து ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி) தின்னும், அதாவது நொடில 250ல ஒரு பங்கு ஷட்டர்ல எடுத்தது 60ல ஒரு பங்குக்கே கூட இறங்கிடும், காத்துல கை ஆடுறப்ப ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) ஏத்திக்குங்க. டிஎஸ்எல்ஆர்ங்கறதால சர்குலர்தான் (சிபிஎல்லோட 'சி' அதான்) வாங்கணும், பழைய லீனியர் போலரைசர் சீப்பா கிடைச்சாலும் வேண்டாம், ஆட்டோஃபோக்கஸும் மீட்டரும் குழம்பும்.

உங்க லென்ஸ் மூணோட வாய் அளவு 67, 58, 49 எம்எம். மூணு வாங்காதீங்க. 67ல ஒரே ஒரு நல்ல சிபிஎல், மத்த ரெண்டுக்கும் ஸ்டெப்-அப் ரிங் (சின்ன வாய்ல பெரிய ஃபில்டரை மாட்டுற வளையம்), என்ன, அப்ப ஹூட் மாட்ட முடியாது. யூவி மேல சிபிஎல் மாட்டாதீங்க, மூலை கருக்கும், அதைவிட ரெண்டும் இறுகிக்கிட்டா உயிர் போயிடும்.

மணல்திட்டு:
எல்லாருக்கும் நன்றி. 67ல சிபிஎல் வாங்கிட்டேன். லேப்டாப் ஸ்க்ரீன் முன்னாடி வச்சு சுத்தினேன், ஒரு இடத்துல திரை அப்படியே கருப்பாயிடுச்சு, பொண்ணு கத்திக்கிட்டு ஓடி வந்தா. அப்புறம் மொட்டைமாடித் தொட்டில பாத்தோம், தண்ணி மேல பிம்பமா தெரிஞ்ச தென்னை மறைஞ்சு அடியில கிடந்த அவ ஹேர்க்ளிப் தெரிஞ்சுது, ஒரு மாசமா தேடிட்டிருந்தது.

இப்ப ஒரு கேவலமான பிரச்சினை. அந்த 350 ரூபா யூவி லென்ஸை விட்டு வரமாட்டேங்குது 🙏

பழையபெட்டி:
அழுத்திப் பிடிக்காதீங்க, அமுக்குனா வளையம் கோணலாகி இன்னும் இறுகும். காய்கறி கட்டி வர்ற அகலமான ரப்பர் பேண்ட் ஒண்ண வளையத்தைச் சுத்திப் போட்டு, சுத்திலும் ஒரே மாதிரி லேசா பிடிச்சுத் திருப்புங்க.